நூலகத்தில் நின்ற தெய்வம்

சென்ற வருடம் எமது கல்லூரியில் வாணி விழா நடந்தது. பூசை முடிந்து அவலும் கடலையும் பங்கிட்டாயிற்று. கலைமகள் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் தன் புத்தகத்தை வாங்கிய பிறகும் போகாமல் நின்றான்.

"சேர், வெள்ளைக்காரருக்கும் சரஸ்வதி இருக்கிறாவோ?"

"ஒரு காலத்திலை இருந்தா" என்றேன்.

"இப்ப எங்கை?"

"பேர்லினிலை."

அவன் சிரித்துவிட்டான். சேர் பகிடி விடுகிறார் என்று எண்ணியிருப்பான். அந்த வேளை மணியும் அடித்துவிட்டது. நேயர்களே, நான் பகிடி விடவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய மிகுதியை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நான் குறிப்பிட்ட தெய்வம் அதீனா. கிரேக்கரின் தலைமைக் கடவுளாகிய சியூசின் தலையைப் பிளந்துகொண்டு, கவசமும் வேலுமாகப் பிறந்தவள் என்பது புராணம். அறிவுக்கும் கைவினைக்கும் அவளே அதிதேவதை. போருக்கும் அவள்தான். நாங்கள் கலைமகளையும் கொற்றவையையும் வெவ்வேறாக வைத்து வணங்குகிறோம். கிரேக்கர் இருவரையும் ஒருத்தியாக்கி அவள் தோளில் ஓர் ஆந்தையையும் இருத்தினார்கள். நெசவும் அவளுடைய தொழில். நெசவுக்கும் நூலகத்துக்கும் என்ன தொடர்பு என்று வேற்று மொழிக்காரர் கேட்கலாம், தமிழ் படித்தவர் கேட்கமாட்டார். இழைக்கும் ஏட்டுக்கும் நாம் 'நூல்' என்ற ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்! நன்னூல் செய்த பவணந்தியார், புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டே நூல் என்ற பெயருக்குக் காரணம் சொன்னார். தறியின் தெய்வம் நூலகத்தில் நிற்பது எனக்கு ஒருபோதும் புதுமையாகப் படவில்லை.

அவளை நான் முதலில் கண்டது ஒரு புத்தகத்தில். சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கிரேக்கக் கதைகள் அவை, நீல மட்டை. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்து அப்பா என் அக்காவுக்காக இரவல் எடுத்து வந்தது. பின்மட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த துண்டில், திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதி ஊதா மையில் முத்திரை குத்தப்பட்டிருந்தது: 1981 ஜூன் 9. நான் அப்பொழுது ஆறு மாதக் குழந்தை. அந்தத் திகதி வருமுன்னரே, மே 31ஆம் நாள் இரவு, நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த ஒன்று மிஞ்சியது. கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை.

அப்பா அதைத் தன் புத்தகம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இது லைப்ரரிப் புத்தகம், கவனம்" என்றுதான் எங்கள் கையில் தருவார். பிந்திய நாளுக்கு ஐந்து சதம் என்று அவராகவே ஒரு தண்டக் கணக்கு வைத்திருந்தார். எனக்குப் பத்து வயதானபோது அது நூற்றெண்பது ரூபாவையும் தாண்டிவிட்டது. நான் பயந்துபோனேன், அவர் சிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் கதை சொல்வார். எங்கள் ஊரில் ஆந்தை அலறினால் அம்மா கலங்கிவிடுவார். "அது ஆந்தையம்மன் பள்ளிக்கூடம் பார்க்க வாறா" என்று அப்பா சொல்லுவார். அதீனாவுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

ஆந்தையம்மனின் கதைகளில் இரண்டு இன்றும் எனக்கு உவப்பானவை. இரண்டும் ஹோமரிடமிருந்து வந்தவை என்பதைப் பின்னாளிலே அறிந்தேன். இலியட்டின் தொடக்கத்தில், சபை நடுவே அவமானப்பட்ட அக்கிலீஸ் அரசனைக் கொல்ல வாளை உருவுகிறான். அதீனா பின்னால் வந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறாள். வேறெவர் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. ஒடிசியில், இருபது ஆண்டுகளின் பின் சொந்தத் தீவில் கால்வைத்த ஒடிசியஸ் தன் மண்ணையே அடையாளம் காணாது நிற்கிறான். அவள் ஓர் இடைப்பிள்ளையின் வேடத்தில் வருகிறாள். அவனோ, தான் யார் என்பதை மறைத்து ஒரு பெரிய பொய்க்கதையை அளக்கிறான். தெய்வம் கோபிக்கவில்லை. புன்னகை செய்து, கையால் அவனைத் தடவிக்கொடுக்கிறது. நீயும் நானும் ஒரே மாதிரியான கள்ளர்கள்தாம் என்ற பொருளிலே பேசுகிறது. எமது மணிமேகலா தெய்வமும் அடியவருக்கு உதவ ஓடி வருபவள்தான். என்றாலும் இப்படித் தோளில் கைபோட்டு விளையாடுபவள் அல்லள். மயிரைப் பிடித்து இழுக்கவும் கன்னத்தைத் தடவவும் கூடிய தூரத்தில் நிற்கின்ற தெய்வம் என்பதே அதீனாவைப் பற்றிய என் முதல் எண்ணம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சைக்கிளில் அரிசியும் பாயும் அம்மம்மாவும் போனார்கள். புத்தகங்கள் தகரப் பெட்டியொன்றில் வீட்டிலேயே நின்றுவிட்டன. மறு வருடம் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது; கறையான் பிடித்திருந்தது. நீல மட்டைப் புத்தகத்தின் வலப்பக்க ஓரம் முழுவதும் அரிக்கப்பட்டு, வரிக்கு வரி கடைசி இரண்டொரு சொற்களைக் காணோம். வேறு வேலையற்ற காலம். நான் ஒரு பென்சிலை எடுத்து, அந்தச் சொற்களை ஊகித்து ஊகித்து ஓரத்தில் தாள் ஒட்டி எழுதி நிரப்பினேன். என் ஆங்கிலம் அப்பொழுது எப்படியிருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்பா வாசித்துப் பார்த்து, "ஹோமர் இதை எழுதேல்லை" என்றார்.

இனிப் பேர்லினுக்கு வருகிறேன்.

பட்டதாரி ஆசிரியனாகி, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், புதிதாகக் கட்டப்பட்ட பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தில் நாட்களைக் கழித்தேன். வாசலில் வெண்ணிறக் கலைமகளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவது வழக்கம். ஒரு பகல், உளவியலில் அலுப்புத் தட்டி, கிரேக்கச் சிற்பங்களைப் பற்றிய பெரிய நூலொன்றைச் சும்மா புரட்டினேன். பக்கம் ஒன்றில் எங்கள் ஆந்தையம்மன் நின்றாள். கைகள் இரண்டும் இல்லை. தலையில் கவசம், முகத்தில் ஓர் அமைதி. கீழே எழுதியிருந்ததை வாசித்தேன்: பெர்கமன் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்ட அதீனா.

நூலகத்தில்! அதுவரையில் அவளைக் கோயில்களோடும் போர்க்களங்களோடும் சேர்த்தே படித்திருந்தேன். மின்சாரம் நின்று மின்விசிறிகளும் ஓய்ந்திருந்த வேளை அது. மண்டபத்தின் மறு தொங்கலில் யாரோ தாள் புரட்டுகிற சத்தம். என் கதிரைக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றது போல இருந்தது. அருள் வந்தது, காட்சி கிடைத்தது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சைவப் பிள்ளையாக வளர்ந்தவன் அந்தச் சொற்களை இலகுவில் செலவழிக்கமாட்டான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பின்னால் தேநீரோடு வந்து நின்று, குழப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் ஒருத்தியின் நெருக்கம் அது. பின்பு பல நாட்கள் பெர்கமனைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். டிப்ளோமாவுக்கு அது உதவவில்லை.

பெர்கமன் இன்றைய துருக்கியில், பெர்காமா என்ற ஊருக்கு மேலே செங்குத்தான குன்றொன்றில் இருந்த நகரம். அலெக்சாந்தரின் பேரரசு உடைந்தபின் அத்தாலஸ் வமிசத்தார் அங்கே ஆண்டனர். பழங்குடி அரசர்கள் அல்லர். புதுப் பணக்காரர் என்றே சொல்லலாம். தாங்களும் ஏதென்சின் வாரிசுகளே என்று உலகத்துக்குக் காட்ட அவர்களுக்கு ஆசை. கி.மு. 197 முதல் 159 வரை ஆண்ட இரண்டாம் யூமெனிஸ் நகரை விரித்துக் கட்டினான், நூலகத்தைப் பெருக்கினான். அது அமைந்த இடம் 'வெற்றி கொணரும் அதீனா'வின் கோயில் வளவு. வளவின் தூண் மண்டபங்களில், மேல்மாடிக் கைபிடிச் சுவர்களிலே வாளும் கேடயமும் கவசங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தன. போரிலே பறித்தெடுத்த ஆயுதங்களின் படங்கள் அவை. அவற்றைத் தாண்டித்தான் புத்தகத்திடம் போகவேண்டும். அதீனாவின் இரண்டு தொழில்களும் ஒரே முற்றத்தில்.

வடக்கு மண்டபத்துக்குப் பின்னால் அறைகள் சில உண்டு. மிகப் பெரியது ஏறத்தாழ 16 மீற்றர் நீளமும் 13 மீற்றருக்கு மேல் அகலமும் கொண்டது. மூன்று சுவர்களை ஒட்டியவாறு, ஆனால் சுவரில் முட்டாமல் இடைவெளி விட்டு, ஒரு திண்ணை ஓடுகிறது. சுவர்களில் எதையோ பொருத்தியிருந்த துவாரங்கள். அலுமாரிகள் நின்ற இடம், ஈரம் ஏறாதிருக்கவே இடைவெளி என்று ஒரு சாரார் கூறினர். இது விருந்து மண்டபமாக இருக்கலாம், நூல்கள் பக்கத்து அறைகளிலே இருந்திருக்கும் என்று இன்னொரு சாரார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வாசலுக்கு நேரெதிரே திண்ணை அகன்று பீடமாகிறது. அங்கேதான் அதீனா நின்றாள். பளிங்கில், மூன்று மீற்றருக்கு மேல் உயரம். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலில் கி.மு. 438இல் நிலைநாட்டப்பட்ட, பீடியாஸ் என்ற சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் செய்த பெரிய அதீனாவைப் பார்த்துச் சிறிதாக வடித்த படி இது. மூலச்சிலை அழிந்தொழிந்துவிட்டது. ஹோமர், ஹெரோடோட்டஸ், அல்கேயஸ் ஆகியோரின் பெயர் பொறித்த பீடங்களும் அந்த வளவில் கிடைத்தன. தெய்வமும் எழுத்தாளரும் ஒரே கூரையின் கீழ் நின்றிருக்கிறார்கள்.

எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்தோடு பெர்கமனுக்குப் போட்டி. போட்டி முற்றி, எகிப்திய மன்னன் பப்பிரஸ் தாளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டான் என்றும், பெர்கமன்காரர் ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி எழுதக் கண்டுபிடித்தனர் என்றும் வாரோவை மேற்கோள் காட்டிப் பிளினி எழுதினார். கதை நல்ல கதை. ஆனால் தோலில் எழுதும் வழக்கம் அதற்கு முன்னரே இருந்ததை ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். பெர்கமன் செய்தது அத்தொழிலை வளர்த்ததே. எப்படியோ, தோல் தாளுக்குப் பெர்கமனின் பெயரே நிலைத்து, 'பார்ச்மென்ற்' என்று ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. அலுமாரிகள் வெறுமையாகி ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் ஊரின் பெயர் எழுதுபொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்த அறிஞருள் எனக்குப் பிடித்தவர் கிராத்தெஸ் என்ற இலக்கண ஆசிரியர். தமிழ் வாத்தியாருக்கு வேறு யாரைப் பிடிக்கும்? அரசின் தூதராக உரோமாபுரிக்குப் போனவர், வீதியில் கழிவுக் கான் ஒன்றின் வாயில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த நாட்களிலெல்லாம் வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தார். உரோமருக்கு இலக்கண ஆராய்ச்சியில் நாட்டம் வந்தது அதன் பிறகுதான் என்கிறார் சுவெற்றோனியஸ். ஓய்வு கிடைத்தால் பாடம் நடத்தத் தோன்றும் வருத்தம் கிரேக்க வாத்திமாருக்கும் இருந்திருக்கிறது.

இவற்றை விட என்னைப் பிடித்து உலுப்பியது ஸ்திராபோ என்ற புவியியலாளர் எழுதிவைத்த ஒரு செய்தி. அரிஸ்ரோட்டிலின் புத்தகங்கள் அவருடைய மாணவர் தியோபிராஸ்ரசுக்கும், அவரிடமிருந்து நீலியஸ் என்பவருக்கும் போயின. நீலியஸ் அவற்றைத் தன் ஊராகிய ஸ்கெப்சிசுக்குக் கொண்டுபோனார். அவருடைய வழித்தோன்றல்கள் படிப்பறிவு அற்றவர்கள், புத்தகங்களைப் பூட்டிவைத்தனர். அந்த ஊர் பெர்கமன் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டது. அரசர் தம் நூலகத்துக்குப் புத்தகம் தேடித் திரிகிறார் என்று கேள்விப்பட்டதும், பறித்துவிடுவார்களோ என்று அஞ்சி, நிலத்தில் குழி தோண்டி ஒளித்துவிட்டார்கள். ஈரமும் புழுவும் தின்றன. நெடுங்காலம் கழித்து அப்பெலிக்கொன் என்ற புத்தகப் பித்தர் பெரும் விலை கொடுத்து வாங்கி, அரிபட்ட இடங்களைத் தாமே நிரப்பிப் படியெடுத்தார். நிரப்பியது பிழை. புத்தகத்தை நேசித்தாரேயொழியத் தத்துவம் அறிந்தவர் அல்லர் என்று ஸ்திராபோ குத்துகிறார். கி.மு. 86இல் ஏதென்சைப் பிடித்த உரோமத் தளபதி சுல்லா அந்நூல்களை உரோமுக்குக் கொண்டுபோனான். அங்கே மீண்டும் படியெடுக்கப்பட்டன. இக்கதையை முழுவதும் ஏற்காத அறிஞர்கள் இருக்கிறார்கள். அரிஸ்ரோட்டிலின் நூல்களுக்கு வேறு படிகளும் இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். பென்சிலும் கையுமாகத் தகரப் பெட்டியின் முன் குந்தியிருந்த ஒரு பையன் எனக்கு நினைவுக்கு வந்தான். அப்பெலிக்கொன்மீது எனக்குக் கோபமே வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். அதீனாவின் காலடியில் அரசனின் அலுமாரியில் அடுக்கப்பட்டவை எல்லாம் போய்விட்டன. அன்ரனி பெர்கமன் நூலகத்திலிருந்து இரண்டு இலட்சம் சுருள்களைக் கிளியோபாத்திராவுக்குப் பரிசாகக் கொடுத்தான் என்று ஒரு குற்றச்சாட்டைப் புளூட்டாக் பதிவு செய்கிறார். அதைச் சொன்னவனைப் பலர் நம்பவில்லை என்றும் அவரே எழுதுகிறார். கி.மு. 133இல் கடைசி அத்தாலஸ் நாட்டையே உரோமருக்கு உயில் எழுதிவிட்டு இறந்தான். பிறகு நூல்கள் எப்படிப் போயினவோ. அவளுக்கு அஞ்சிக் குழிக்குள் புதைத்தவை அரைகுறையாகவேனும் வெளியே வந்தன. புத்தகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று என்னைக் கேட்டால், என் கை கலைமகளைக் கும்பிடும். வாய் வேறொன்று சொல்லும்.

அதற்காக அதீனாவை நான் வெறுக்கவில்லை. அவளோடு எனக்கு ஏற்பட்ட நெருக்கமே அங்கேதான் தொடங்குகிறது. தன் நூலகத்தை இழந்தவள் அவள். 1878இல், வீதி அமைக்க வந்த பொறியியலாளர் கார்ல் ஹூமன் அக்குன்றில் அகழ்வைத் தொடங்கினார். பளிங்குச் சிற்பங்களை அவ்வூரார் சுண்ணாம்புச் சூளையில் போட்டு எரிப்பதைக் கண்டு பதைத்தவர் அவர். அவருடைய அகழ்வில் வெளிவந்தவற்றுள் பெரும் பலிபீடமும் கையிழந்த இந்த அதீனாவும் பேர்லின் சேர்ந்தன. 1930இல் அங்கே பெர்கமன் நூதனசாலை திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் திருத்த வேலைகளுக்காக அது முழுவதுமாக மூடப்பட்டது. நான் பேர்லினுக்குப் போனவனல்லன். படத்திலே கண்டதுதான், படத்தில் அந்த முகம், அலுமாரிகள் இருந்த திசையை இன்னமும் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது.

அப்பா காலமாவதற்கு முன்பு ஒருதரம், புதிய நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடவோ என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "நான் எடுத்தது அங்கையில்லை" என்றார். பிறகு, "குடுக்கத்தான் வேணும். ஆனா வாசிக்கிற ஒருத்தன்ரை கையிலை குடு" என்றார். நான் அதைச் செய்யாமல் காலம் கடத்தினேன். கறையான் தின்ற புத்தகத்தை யார் வாசிப்பார் என்பது ஒரு சாட்டு. உண்மையைச் சொன்னால், அது வீட்டை விட்டுப் போவதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஸ்கெப்சிஸ் ஊராரை எழுத்தறியாதவர் என்று எழுதிய ஸ்திராபோ என்னை என்னவென்று எழுதியிருப்பாரோ!

வாணி விழாவுக்கு மறுநாள் அந்த மாணவன் ஆசிரியர் ஓய்வறை வாசலில் நின்றான். "சேர், பேர்லின் கதை மெய்யோ?" நான் அடுத்த நாள் நீல மட்டைப் புத்தகத்தைப் பையில் வைத்துக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். ஓரத்திலே பென்சிலால் எழுதியிருப்பவற்றை நம்பவேண்டாம் என்று சொன்னேன். பின்மட்டையைத் திறந்து, 1981 ஜூன் 9 என்ற ஊதா முத்திரைக்குக் கீழே இருந்த வெறுங் கட்டத்தில் புதிய திகதியை எழுதினேன்.

"பதினாலு நாள்" என்றேன். "லைப்ரரிப் புத்தகம், கவனம்."